அண்ணாமலைப் பல்கலையில் சேரலாமா? – வாசகர் கேள்வி-பதில்

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பற்றி வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவான கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். பதில்களுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று அந்தப் பெயரைச் சுற்றி நான்கு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, அண்ணாமலைநகர் வளாகத்தில் இயங்கும் துறைகள். இரண்டாவது, பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட வெளிக் கல்லூரிகள். மூன்றாவது, தொலைநிலைக் கல்வி. நான்காவது, அதே வளாகத்தில் இருந்தும் இப்போது பல்கலைக்கழகத்தின் கையில் இல்லாத மருத்துவக் கல்லூரி. சேர்க்கை, கட்டணம், பட்டத்தின் மதிப்பு எல்லாமே இந்த நான்குக்கும் வேறு வேறு. வந்த கடிதங்களில் பாதிக் குழப்பம் இவற்றை ஒன்றாக நினைப்பதால் வந்தது. உங்கள் பிள்ளை எந்த வழியாக நுழையப் போகிறார் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு மேலே படியுங்கள்.

"அது ராஜா கல்லூரி, பணம் கொடுத்தால்தான் சீட்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். எது உண்மை?
– ஒரு தாய், விருத்தாசலம்

இன்றைய நிலைக்குப் பள்ளியில் சொன்னதுதான் சரி. பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். பிறகு தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி என்று வளர்ந்தவற்றை ஒன்றாக்கி, 20 லட்ச ரூபாய் நன்கொடையும் கொடுத்து, 1929-ல் பல்கலைக்கழகமாக நிறுவினார். சட்டப்படி பல்கலைக்கழகம் என்றாலும் இணைவேந்தர் பொறுப்பு நிறுவனர் குடும்பத்திடமே இருந்தது. நிர்வாகமும் அவர்கள் வழியிலேயே நடந்தது. பின்னாளில் சுயநிதிப் படிப்புகள் பெருகின, கட்டணமும் ஏறியது. "ராஜா கல்லூரி" என்ற பேச்சு அந்தக் காலத்தது.

பணியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே தடுமாறும் அளவுக்கு நிதி நெருக்கடி முற்றியபோது, 2013-ல் தமிழ்நாடு அரசு தலையிட்டது. ஏப்ரலில் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை நிர்வாகியாக அமர்த்தியது. அதே ஆண்டு புதிய சட்டம் இயற்றி, பல்கலைக்கழகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. தேவைக்கு மேல் இருந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அந்தச் சுமை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் மாணவருக்கு இதனால் கிடைத்தது பெரிது. சேர்க்கையில் அரசின் 69 சதவீத இடஒதுக்கீடு நடக்கிறது: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. நன்கொடைக்கு இங்கே இடமே இல்லை. "உள்ளே ஆள் இருக்கிறார், ஒரு தொகை கொடுத்தால் முடித்துத் தருவார்" என்று யாராவது வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் எதுவானாலும் இணையத்தில், பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு மட்டும் கட்டுங்கள். ரசீதை அச்செடுத்து, படிப்பு முடியும்வரை பத்திரமாக வையுங்கள்.

மகனுக்குப் பொறியியலில் ஆசை. அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டும் ஒன்றா? எப்படி விண்ணப்பிப்பது?
– ஒரு தந்தை, பண்ருட்டி

இரண்டும் வேறு. அண்ணா பல்கலைக்கழகம் சென்னையில் இருப்பது. தமிழ்நாட்டின் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகள் அதோடுதான் இணைந்தவை. அண்ணாமலையின் பொறியியல் புலம் 1945-ல் தொடங்கியது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் அதற்குச் சொந்தமானவை. இடையில் வேறு கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாடங்கள் பொருந்தாமல் கூடுதல் தாள்கள் எழுத வேண்டிவரும்.

நுழையும் வழி மட்டும் பொதுவானது. தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில், அதாவது டி.என்.இ.ஏ.-வில், பதிவு செய்தால் போதும். கல்லூரிப் பட்டியலில் அண்ணாமலை பொறியியல் புலத்தின் குறியீட்டு எண் 5. பெயரைத் தட்டித் தேடினால் "அண்ணா" என்று தொடங்கும் பல கல்லூரிகள் வரிசையாக வந்து நிற்கும். அதனால் எண்ணையும் ஊரையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படும். கணிதம் முழு 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 82, இயற்பியல் 70, வேதியியல் 66 என்றால் 82 + 35 + 33 = 150. போன ஆண்டு உங்கள் சமூகப் பிரிவில், நீங்கள் விரும்பும் பாடப்பிரிவு எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பதை வைத்துத்தான் வாய்ப்பைக் கணிக்க வேண்டும். கல்லூரியின் பொதுவான கட்-ஆஃப் என்று யாராவது சொல்லும் எண் எதற்கும் உதவாது.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது நடக்கும் பெரிய தவறு, "கட்டாயம் கிடைக்கும்" என்று நினைப்பதை மேலே வைப்பது. நீங்கள் போட்ட வரிசையில், உங்கள் தரவரிசைக்கு எட்டும் முதல் இடத்தைக் கணினி கொடுத்துவிடும். அதற்குக் கீழே நீங்கள் உண்மையில் விரும்பியது இருந்தாலும் அது திரும்பிப் பார்க்காது. ஆகவே ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள், நிறையப் போடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டு நாள் அளவே கிடைக்கும். "ஏற்கிறேன், மேல் விருப்பத்துக்குக் காத்திருக்கிறேன்" என்று கொடுத்தால், மேலே உள்ள இடம் கிடைத்த நொடியில் பழைய இடம் தானாகப் போய்விடும். அந்த மேல் விருப்பம் மனதுக்குப் பிடித்ததுதானா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பிரிவு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கணினி சார்ந்த பிரிவுகள் எங்கும் உண்டு. இங்கே பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களோடு நடப்பவை வேதிப் பொறியியல், மின்னணு மற்றும் கருவியியல், உற்பத்திப் பொறியியல், கட்டுமானக் கட்டமைப்புப் பொறியியல் போன்றவை. ஆலையிலும் கட்டுமானத்திலும் வேலை பார்க்க விருப்பமுள்ள பிள்ளை இவற்றைத் தாராளமாக எடுக்கலாம். வேலைவாய்ப்பு விவரம் கேட்கும்போது மொத்தப் பல்கலைக்கழகத்துக்குக் கேட்காதீர்கள். அந்தப் பிரிவில், சென்ற ஆண்டு எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை என்று கேளுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் பொதுவாகத் தகுதி போய்விடும். எனவே வகுப்பு வாரியாகப் படிப்புச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

பி.எஸ்சி. வேளாண்மைக்கு அங்கேயே தனியாக விண்ணப்பம் போடலாமா?
– ஒரு மாணவி, திட்டக்குடி

வேளாண் புலம் 1958 முதல் நடக்கிறது. முன்பு தனி விண்ணப்பம் இருந்தது. அண்மை ஆண்டுகளில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரே கலந்தாய்வாக நடக்கிறது. கோவையின் சேர்க்கை அறிவிப்பைக் கவனியுங்கள், அதன் கடைசித் தேதியே உங்களுக்கும் கடைசித் தேதி. சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் எந்த ஆண்டுவரை இருக்கிறது? பின்னாளில் அகில இந்தியத் தேர்வு எழுதி வெளிமாநிலத்தில் முதுநிலை படிக்க நினைத்தால் அது தேவைப்படும்.

கலை, அறிவியல் படிப்புகளுக்கு? ஐந்து ஆண்டுப் படிப்பு நல்லதா?
– பலர்

வளாகத்துக் கலை, அறிவியல் துறைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே நேரடி விண்ணப்பம். அரசுக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் இது வராது.

+2 முடித்ததும் நேரே சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுநிலைப் படிப்பு இங்கே பிரபலம். முதல் ஆண்டிலிருந்தே முதுநிலை நடத்தும் பேராசிரியர்களின் ஆய்வகத்தில் நிற்கலாம் என்பது இதன் பெரிய பலன். ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவருக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். குடும்பச் சூழலால் மூன்று ஆண்டில் வேலைக்குப் போக நேரலாம் என்றால் எச்சரிக்கை வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியேற முடியுமா, அப்போது தனி இளநிலைப் பட்டம் தருவார்களா என்பதை, நீங்கள் சேரும் ஆண்டின் தகவலேட்டில் படித்துப் பாருங்கள். இளநிலைப் பட்டம் என்று தனியாகக் கேட்கும் வேலைகளுக்கும் பி.எட். சேர்க்கைக்கும் அந்தக் காகிதம் வேண்டியிருக்கும்.

மருத்துவக் கல்லூரி பல்கலைக்கழகத்தின் கல்லூரியா, அரசுக் கல்லூரியா? பட்டம் யார் பெயரில் வரும்?
– ஒரு வாசகர், காட்டுமன்னார்கோவில்

ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980-லும், மருத்துவக் கல்லூரி 1985-லும் பல்கலைக்கழகத்தின் பகுதியாகத் தொடங்கப்பட்டவை. 2013-ல் பல்கலைக்கழகம் அரசிடம் வந்த பிறகும் இங்கே எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அது சில ஆயிரம்தான். அரசு நடத்தும் கல்லூரியில் தனியார் கட்டணமா என்று கேட்டு மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி வாரக்கணக்கில் போராடினார்கள். அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருந்தது. 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாகியது. கட்டணமும் அரசுக் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது.

இப்போது சேருவது நீட் மதிப்பெண், அரசுக் கலந்தாய்வு வழியாக மட்டும். புதிய மாணவர்களுக்குப் பட்டம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடையது. மாற்றத்துக்கு முன் படித்து அண்ணாமலைப் பட்டம் வாங்கியவர்கள், சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கல்லூரி அலுவலகத்தில் காத்திருந்து பயனில்லை. பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும். மருத்துவமனை எப்போதும்போல் வளாகத்தில்தான். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் பெரிய சிகிச்சைக்கு அதுதான் இடம்.

விழுப்புரம் மாவட்ட அரசுக் கல்லூரியில் படிக்கிறேன். சீனியர்களின் மதிப்பெண் பட்டியலில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், என்னுடையதில் அண்ணாமலை. இது எப்படி?
– ஒரு மாணவர், திண்டிவனம்

விழுப்புரத்தில் அமைக்கப்பட்ட ஜெ. ஜெயலலிதா பல்கலைக்கழகத்தை 2021-ல் அண்ணாமலையோடு இணைத்துச் சட்டம் வந்தது. அதுவரை வளாகத்துக்குள்ளேயே கற்பித்துவந்த அண்ணாமலைக்கு, வெளிக் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் அதிகாரம் அதில்தான் கிடைத்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் வேலூர் திருவள்ளுவரிடமிருந்து இங்கே வந்தன.

யாருக்கு எந்தப் பட்டம் என்பதைப் பதிவெண் தீர்மானிக்கும். திருவள்ளுவர் பதிவெண்ணில் சேர்ந்தவர் அரியர் எழுதுவதும் பட்டம் வாங்குவதும் அங்கேயே. இது தெரியாமல் சிதம்பரத்துக்குப் பணம் கட்டிவிட்டு, தேர்வுக்கு நுழைவுச் சீட்டு வராமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுவதற்கு முன் பழைய மதிப்பெண் பட்டியலின் தலைப்பைப் பாருங்கள். இன்னொன்று, இணைவுக் கல்லூரியில் படிப்பது வளாகத்தில் படிப்பதாகாது. முதுநிலைக்கு வளாகத்தில் இடம் வேண்டுமென்றால் மற்றவர்களைப் போலவே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

2017-ல் அண்ணாமலை தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்து முடித்தேன். செல்லாது என்கிறார்கள். ஆசிரியர் தேர்வு எழுத முடியுமா? இப்போது சேர நினைக்கும் என் தங்கைக்கு என்ன சொல்வது?
– ஒரு வாசகி, அரியலூர்

இந்த இதழுக்கு வந்ததிலேயே அதிகம் பேர் கேட்ட கேள்வி இது. கவலையும் நியாயமானது, ஆகவே விரிவாகச் சொல்கிறோம்.

தொலைநிலைக் கல்வி இயக்ககம் 1979-ல் தொடங்கியது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று வாழ்ந்த லட்சக்கணக்கானவர்களுக்குப் பட்டம் கொடுத்தது அது. சிக்கல் அங்கீகாரத்தில் வந்தது. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது, அதற்குப் பின் அனுமதி பெறாமல் நடத்தியவை செல்லாது என்றது.

இதில் கணக்கில் வருவது சேர்ந்த ஆண்டு. பட்டம் வாங்கிய ஆண்டைப் பார்க்கக் கூடாது. 2014-15-ல் சேர்ந்து, அரியர் எழுதி 2018-ல் முடித்தவர் அங்கீகாரம் இருந்த காலத்து மாணவர்தான். அதை நிரூபிக்கச் சேர்க்கை ரசீது, அடையாள அட்டை, முதலாண்டு மதிப்பெண் பட்டியல் தேவை. பட்டம் வந்துவிட்டதே என்று அவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் சேர்ந்தது 2017. அந்த அறிவிப்பு உங்கள் ஆண்டைத் தொடுகிறது. இந்தப் பட்டத்தை மட்டும் நம்பி ஆசிரியர் தேர்வுக்கு ஆண்டுகளைச் செலவிட வேண்டாம். நடைமுறையில் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். முதலாவது, நீங்கள் எழுதப்போகும் தேர்வின் அறிவிக்கையில் கல்வித் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். ஐயம் இருந்தால் தேர்வு வாரியத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்ன பதில் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் நிற்காது. இரண்டாவது, வயது வரம்பு இடம் கொடுத்தால் அதே பாடத்தில் அங்கீகாரமுள்ள வேறொரு முதுநிலைப் படிப்பில் சேர்ந்துவிடுங்கள். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் எம்.ஏ. இரண்டு ஆண்டு. ஏற்கெனவே படித்த பாடம் என்பதால் சுமை குறைவு. செலவும் உழைப்பும் இரண்டாம் முறை உங்கள் தலையில் விழுவது அநியாயம். நம்பிச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழி சொல்ல வேண்டிய கடமை அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இருக்கிறது.

தங்கைக்கு: மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு, ஜூலை அல்லது ஜனவரிப் பருவம், மூன்றும் பொருந்த வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வையுங்கள். 2024 செப்டம்பர் பருவத்திலிருந்து, சேரும் ஒவ்வொருவரும் முதலில் அந்தத் தளத்தில் "டெப் ஐ.டி." எடுக்க வேண்டும். அதற்கு, மாணவரின் படிப்புப் புள்ளிகளைப் பதிந்துவைக்கும் இணையத் தளமான கல்விக் கடன்மதிப்பு வங்கியின் (ஏ.பி.சி.) கணக்கு எண்ணும் ஆதாரும் வேண்டும். "ஐ.டி. எல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று படிப்பு மையத்தில் சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள். பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம் போன்றவற்றை எந்தப் பல்கலைக்கழகமும் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. 2025-ல் உளவியலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

+2 படிக்காமல் "திறந்தநிலை" முறையில் நேரே பட்டம் வாங்கியவர்கள் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுநிலைப் பட்டத்தை உச்ச நீதிமன்றம் 2009-ல் இதே பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் ஏற்கவில்லை. தமிழ்நாடு அரசுப் பணிகளுக்குப் பத்தாம் வகுப்பு, +2, பட்டம் என்ற வரிசை வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு +2 எழுதினாலும் வரிசை மாறிவிட்டதால் நிராகரிக்கப்படலாம். இப்போது படிப்பவர்கள் +2-வை முடித்த பிறகே பட்டத்தில் சேருங்கள்.

நாகஸ்வரக் குடும்பத்துப் பையன். முறையாகப் படித்துப் பட்டம் வாங்க முடியுமா? அங்கே இசைத்துறை இன்னும் இருக்கிறதா?
– ஒரு வாசகர், செம்பனார்கோவில்

இருக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இணையான பின்னணி கொண்ட இசைத்துறைகள் மிகக் குறைவு. பல்கலைக்கழகம் தொடங்கிய 1929-லேயே இசைக் கல்லூரியும் இருந்தது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லாத காலத்தில், 1941-ல் தமிழிசை மாநாடு நடந்தது இந்த வளாகத்தில்தான். அங்கே எழுந்த இயக்கமே 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கமாயிற்று. தண்டபாணி தேசிகர் இங்கே இசைப் பேராசிரியராக இருந்தார்.

தமிழ்த் துறைக்கும் அதே அளவு வேர் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இங்கிருந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வர். பல்கலைக்கழகமானதும் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-ல் வந்தவர் மட்டக்களப்புக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். பழைய யாழ்களின் சுருதியையும் பண்களையும் கணக்கிட்டு அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947-ல் வெளிவந்தது. பின்னர் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் பண்டிதமணி கதிரேசன் செட்டியாரும் இங்கே கற்பித்தார்கள்.

வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், நாகஸ்வரம், தவில், பரதநாட்டியம் என்று பிரிவுகள் உண்டு. சான்றிதழ், பட்டயம், பட்டம் எல்லா நிலையிலும் படிப்புகள் உள்ளன. பள்ளி மதிப்பெண்ணைவிட, வாசித்துக் காட்டும் தேர்வுதான் பெரிது. சொந்த வாத்தியத்தைக் கொண்டுபோகட்டும். குடும்பத்தில் கற்ற பிள்ளைகளுக்கு வாசிப்பு கைவந்திருக்கும். எழுத்துத் தாளில்தான் சறுக்குவார்கள். 72 மேளகர்த்தா அமைப்பு, 35 தாளங்கள், அவர் வாசிக்கும் ராகங்களின் ஆரோகண அவரோகணம் இவற்றை எழுதிப் பழகட்டும். கோவில் பணி, இசைப் பள்ளி ஆசிரியர் பணி, வானொலிக் கலைஞர் தேர்வு எதற்கும் இந்தப் பட்டம் கைகொடுக்கும். இவ்வளவு பெரிய துறை பக்கத்திலேயே இருந்தும் பல பரம்பரைக் குடும்பங்கள் விண்ணப்பிக்காமல் இருப்பது வருத்தம் தருகிறது. தயங்காமல் அனுப்புங்கள்.

கடல் உயிரியல் படிக்கச் சிதம்பரத்துக்கு ஏன் போக வேண்டும்? அது கடற்கரை ஊர் இல்லையே?
– ஒரு மாணவர், தூத்துக்குடி

அந்தப் புலம் இருப்பது பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில். கடல் உயிரியல் நிலையமாகத் தொடங்கி, உயராய்வு மையமாக வளர்ந்தது. கழிமுகம், அலையாத்திக் காடு, திறந்த கடல் மூன்றும் ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் உள்ள ஆய்விடம் இந்தியாவில் அரிது. பிச்சாவரம் அலையாத்திக் காடு பற்றிய ஆராய்ச்சிகளில் பெரும்பங்கு இங்கிருந்து வந்தவை. கடல் உயிரியல் தவிர, கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு போன்ற முதுநிலைப் படிப்புகளும் உண்டு. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் படித்தவர்கள் வரலாம். நீச்சல் தெரிந்திருப்பதும், படகில் தலைசுற்றாமல் இருப்பதும் தகுதிப் பட்டியலில் இருக்காது, ஆனால் களப்பணியில் உடனே தேவைப்படும். விண்ணப்பிக்கும்போதே விடுதி எங்கே, பரங்கிப்பேட்டையிலா அண்ணாமலைநகரிலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளாக வாசலருகே ஒரு மாணவர் சிலை இருக்கிறதே, யார் அவர்?
– ஒரு மாணவி, புவனகிரி

இராசேந்திரன். 1965 ஜனவரி 27 அன்று இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த அண்ணாமலை மாணவர்.

பெண் பிள்ளையைத் தனியாக விடுதியில் விடப் பயமாக இருக்கிறது. ஊர் எப்படி? ராகிங் உண்டா?
– பெற்றோர், நாகப்பட்டினம்

சிதம்பரம் நடந்தே சுற்றிவிடக்கூடிய ஊர். ரயில் பாதைக்கு மேற்கே கோவிலும் கடைத்தெருவும், கிழக்கே அண்ணாமலைநகர். ரயிலில் வருபவர்கள் நிலையத்தின் எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்று பார்த்தால் ஆட்டோச் செலவு மிச்சம். சென்னையிலிருந்து பகலில் சோழன், இரவில் உழவன் விரைவு ரயில்கள் இந்த வழியே தஞ்சை நோக்கிப் போகின்றன. நாகையிலிருந்து நீங்கள் பேருந்தில் சீர்காழி வழியாக வரலாம்.

வளாகம் பல நூறு ஏக்கர், துறைகள் தூரம் தூரமாக இருக்கும். ஒரு சைக்கிள் அவசியம். ஊர் கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில், தாழ்வான மண்ணில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும். பருவத் தேர்வும் அதே நவம்பர், டிசம்பரில் வரும். மழையால் தேர்வு தள்ளிப்போனால் அறிவிப்பைப் பல்கலைக்கழக இணையதளத்தில் மட்டும் நம்புங்கள், வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பித் தேர்வைத் தவறவிடாதீர்கள். மூலச் சான்றிதழ்களை விடுதியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். கொசுவலை கட்டாயம் கொடுத்தனுப்புங்கள்.

ராகிங் பற்றி நேராகச் சொல்கிறோம். 1996-ல் இங்கே முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டார். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். சேரும்போது மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதைச் சடங்காக நிரப்பாமல், தேசிய உதவி எண் 1800-180-5522-ஐ மகளின் கைபேசியில் பதிந்து கொடுங்கள். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். விடுதிக் காப்பாளரின் பெயரையும் எண்ணையும் சேரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள்.

உங்கள் மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். இந்தப் பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படாததுதான், அல்லது பள்ளியில் தொடங்கிய கணக்கு நெடுநாள் பயன்படுத்தாமல் முடங்கியிருக்கும். சேருவதற்கு முன்பே வங்கிக்குப் போய் இரண்டையும் சரிசெய்துவிட்டு, கல்லூரியில் தரும் யூமிஸ் எண்ணில் (அரசின் மாணவர் தகவல் பதிவு எண்) விவரங்கள் சரியா என்று பாருங்கள்.

1998-ல் வாங்கிய பட்டச் சான்றிதழ் தொலைந்துவிட்டது. துபாய் வேலைக்கு உடனே வேண்டும். என்ன செய்வது?
– ஒரு வாசகர், சிதம்பரம்

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று வாங்குங்கள். இணையத்தில் எடுக்கும் தொலைந்த ஆவண அறிக்கை புகார் பதிவானதற்கு மட்டும் ஆதாரம். நகல் பட்டத்துக்கு அதுமட்டும் போதுமா என்று தேர்வுப் பிரிவில் கேட்டுவிட்டு மேலே செல்லுங்கள். பிறகு பதிவெண், தேர்ச்சி பெற்ற மாதம், ஆண்டு, மதிப்பெண் பட்டியல் நகல், கட்டண ரசீது இவற்றோடு தேர்வுப் பிரிவில் விண்ணப்பம். பதிவெண் மறந்திருந்தால் பழைய மதிப்பெண் பட்டியலிலோ மாற்றுச் சான்றிதழ் நகலிலோ தேடுங்கள். அது இல்லாமல் பழைய பதிவேட்டைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும், நாளாகும்.

பல வெளிநாடுகள் ஏற்கும் ஒற்றைச் சான்று முத்திரையான அப்போஸ்டில் துபாய்க்குப் போதாது. மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், அமீரகத் தூதரகத்தின் சான்றொப்பம் என்று வரிசையாகப் போக வேண்டும். ஒன்றை விட்டு அடுத்ததற்குப் போக முடியாது. அதோடு பட்டம் உண்மையானது என்ற கடிதமும் கேட்பார்கள். அதில் வளாகத்தில் படித்தீர்களா, தொலைநிலையிலா என்பது குறிக்கப்பட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு, எனவே விண்ணப்பத்திலேயே கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட்டிலும் பட்டத்திலும் தலைப்பெழுத்து வேறுபட்டால் இருவரும் ஒருவரே என்ற உறுதிப் பத்திரத்தையும் இப்போதே தயார்செய்துவிடுங்கள்.